நித்திரைக்கு ஒரு கொப்பி



திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் வசிக்கும் ஓர் அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, கண் மூடுது, மனந்தான் மூடுதில்லை." யுத்தம் 2009 இல் முடிந்தது. நாய் குரைத்தால் இன்னமும் அவர் எழும்பிக் குந்திவிடுகிறார்.

"நேரத்தோடு படுங்கோ அக்கா" என்றேன். அவரும் இரவு 8 மணிக்கே பாயை விரித்தார். நித்திரை கூடவில்லை, விழித்துக் கிடக்கும் நேரந்தான் கூடியது.

என் பிழையை உணர்த்தியது ஒரு கைத்தொலைபேசிச் செயலி. நித்திரையின்றித் தவிக்கும் முன்னாள் படையினருக்காக அமெரிக்க அரசு 2013 இல் வெளியிட்ட 'சிபிடி-ஐ கோச்' அது.

"ஆமிக்காரருக்குச் செய்தது எனக்கெதுக்கு?" என்றார் அக்கா. நியாயமான கேள்விதான். ஆனால் இரவிரவாய்க் காவலிருந்து பழகிய உடம்பு, ஆபத்து நீங்கிய பின்னும் காவலை விடுவதில்லை. பங்கருக்குள் பிள்ளையை அணைத்துக் கிடந்த உடம்புக்கும் அதே கதைதான்.

செயலி ஆங்கிலத்தில் இருந்ததால் அதன் வழிமுறைகளை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

1. படுத்த நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம் மூன்றையும் காலையில் உத்தேசமாகக் குறியுங்கள். இரவில் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம்.

2. எவ்வளவு பிந்தி உறங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழும்புங்கள்.

3. சுமார் 20 நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் எழுந்து அமைதியாக இருங்கள். கண் சொக்கும்போது மட்டும் பாய்க்குத் திரும்புங்கள்.

கொப்பி உண்மையைச் சொன்னது: பாயில் 9 மணித்தியாலம், நித்திரை 4. அதன்பின் அக்கா 11 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும்பினார். முதல் வாரம் பகலில் தூங்கி வழிந்து என்னை ஏசினார். மூன்றாம் வாரம் நித்திரை ஐந்து மணித்தியாலமானது. கனவுகள் இன்னும் வருகின்றன. ஆனால் பாயைக் கண்டால் பயமில்லை என்கிறார்.

வலிப்பு நோய் உள்ளவர்களும் மனநல மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் படுக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பயங்கரக் கனவுகளோ, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணமோ வந்தால் கொப்பி போதாது. அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

மற்றவர்கள், பிள்ளையின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள் ஒன்றை எடுத்து வையுங்கள். விடிந்ததும் முதல் வரியை எழுதலாம்.