கருவிக்குப் பெயர் இருக்கிறது, பிடித்த கைக்கு?

பொங்கலை ஒட்டிப் பள்ளி, கல்லூரிகளில் பழைய கருவிகளின் கண்காட்சி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏர்க்கலப்பை, மரக்கால், உலக்கை, கமலைச் சால், களைக்கொத்து என்று வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அட்டை வைக்கிறார்கள். 'மரக்கால் – தானியம் அளப்பதற்கு', 'கமலை – நீர் இறைப்பதற்கு' என்று எழுதியிருக்கும். மாணவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். காயலான் கடைக்குப் போகவிருந்த பொருள் நாலு பேர் பார்வைக்கு வருகிறது. ஆனால் அந்த அட்டையில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகிறது. இதைச் செய்தவர் யார், பிடித்து உழைத்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி என்ன என்ற வரிதான் அது.

அந்த வரி தற்செயலாக விடுபடுவதில்லை. அதை எழுதினால் ஊர்ப்பெருமை சேரிக் கணக்காக மாறிவிடும்.

கமலையையே எடுத்துக்கொள்வோம். கொங்குப் பகுதியில் கவலை என்பார்கள். மேலே இரும்புச் சால், அதன் கீழே இரண்டு பக்கமும் திறந்த தோல் வால். தடித்த வடம் சாலோடும், மெல்லிய வால்கயிறு தோல் வாலோடும் கட்டப்பட்டிருக்கும். சால் கிணற்றுக்குள் இருக்கும்வரை வால்கயிறு தோலின் வாயை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும், தண்ணீர் சிந்தாது. மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். விளிம்பைத் தொட்டதும் வால் தானாகத் தொட்டிப் பக்கம் சாய்ந்து நீரைக் கொட்டிவிடும். சாலைக் கவிழ்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டாம். மின்சாரம் இல்லாத காலத்தின் பொறியியல் இது.

இந்தப் பொறியியலின் உயிர் தோலில் இருந்தது. கொங்கில் அந்தத் தோலைத் தைத்தவர்கள் அருந்ததியர்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்தி, தோலை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம் பட்டையில் பதப்படுத்தி, குத்தூசியால் துளையிட்டு, ஒரு சொட்டு ஒழுகாதபடி தைத்துத் தந்தார்கள். கிழிந்தால் அவர்களேதான் ஒட்டுப்போட வேண்டும். இதற்குக் கூலி, அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து போடும் தானியம். அவர்கள் தைத்த தோல் ஒரு நாளைக்கு நூறு முறை கிணற்றுக்குள் போய் வந்தது. தைத்தவர் அந்தக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் சேந்த முடியாது. பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எல்லோருக்கும் உரியவை என்று சொல்வதற்கே 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 'கமலை – நீர் இறைப்பதற்கு' என்ற அட்டையில் இதில் எது இருக்கிறது?

பிறகு மின்மோட்டார் வந்தது. விவசாயிக்கு வேலை மிச்சமானது. தோல் தைத்தவருக்கு ஆண்டுக் கூலியே நின்றது. அவருடைய கைத்திறனைத் தொழில்நுட்பம் என்று யாரும் கணக்கில் எடுக்காததால், அதற்கு மாற்றாக ஒரு தொழிலும் யாரும் தரவில்லை.

கருவியைப் புகழ்ந்து கையை இழிவாகப் பேசும் இந்தப் பழக்கம் புதிதல்ல. புறநானூற்றின் 82-ஆம் பாடலைத் தமிழ் படிக்கும் மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஊரில் திருவிழா நெருங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னுகிறான். அவன் கை ஊசியின் வேகத்தைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி செய்த போரின் வேகத்துக்கு உவமையாக்குகிறார் சாத்தந்தையார். அரசனுக்கு ஒப்பாகச் சொல்லும் அளவுக்கு அந்த ஊசி உயர்ந்தது. ஆனால் ஊசியைப் பிடித்தவனுக்குப் பாடல் தரும் பெயர் 'இழிசினன்'. அன்று எழுதிய அட்டையைத்தான் இன்றும் படி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம் என்று வாய்பாடு சொல்லித் தருகிறோம். அந்த மரக்காலைப் பிடித்து அளந்தது யார், துண்டை விரித்து வாங்கிக்கொண்டது யார் என்று சொல்லித் தருவதில்லை. தஞ்சைச் சீமையில் பண்ணையாளின் வாழ்வும் சாவும் அந்த அளவைக்குள் இருந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதற்கு முன்னே நடந்த தகராறு கூலி நெல்லைப் பற்றியது, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றியது. அந்த மண்ணில் மரக்காலை வெறும் அளவைக் கருவி என்று எழுதி வைக்க முடியுமா?

அதே கண்காட்சியில் சாட்டையும் தொங்கும். 'மாடு ஓட்டுவதற்கு' என்று எழுதியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பண்ணையாட்களைச் சாட்டையால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைப்பதும் கீழத்தஞ்சையில் தண்டனைகளாக இருந்தன. 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் போராடித்தான் அவற்றை ஒழித்தது.

களைக்கொத்துக்கும் ஒரு வரி வேண்டும். அதன் காம்பு குட்டையானது. காலை முதல் மாலை வரை குனிந்தே இருந்தால்தான் அது வேலை செய்யும். அப்படிக் குனிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-இல் சட்டம் வந்த பிறகும் களத்தில் பெண் கூலி வேறு, ஆண் கூலி வேறு என்றே இருப்பதைக் கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே நம் தெரு இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். 'அந்தக் கருவிகளால்தானே நம்மைச் சாதி சொல்லிக் கூப்பிட்டார்கள்? அவற்றை ஏன் திரும்ப எடுத்து வைக்க வேண்டும்? போகியில் போட்டுக் கொளுத்துவோம்.' இந்தக் கோபம் நியாயமானது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் விளக்கியது இந்த வலியைத்தான். அப்பன் பிடித்த கருவியை மகனும் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் கருவியோடு சேர்த்து அந்த அறிவையும் கொளுத்திவிட்டால், 'இவர்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்பவருக்குப் பதில் சொல்லச் சான்று இல்லாமல் போகும். பறையைப் பாருங்கள். இழிவு என்று ஒதுக்கப்பட்ட கருவி இன்று கல்லூரி மேடைகளில் ஒலிக்கிறது. சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவதும், தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றுவதும், அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் வேறு வேறு வேலை செய்வதும் ஒரு பெரிய இசை அறிவு. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் யார் என்று மேடையில் சொல்ல வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

உண்மையிலேயே அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய கருவிகள் சில இன்னும் போகவில்லை. மலம் அள்ளும் தகரமும் வாளியும், சாக்கடைக்குள் ஆளை இறக்கும் கயிறும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் வந்தன. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அந்தத் தொகையை 30 லட்சம் ஆக்கியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. கமலையை மோட்டார் ஒழித்ததுபோல் இந்தக் கயிற்றை எந்திரம் ஏன் இன்னும் ஒழிக்கவில்லை? கமலைக்குப் பதில் மோட்டார் வந்தால் நிலம் வைத்திருந்தவருக்கு லாபம். இந்தக் கயிறு போனால் மிஞ்சுவது சாக்கடையில் இறங்குபவரின் உயிர். எதற்கு உடனே பணம் கிடைக்கிறது என்று பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில் பரணிலும் தாழ்வாரத்திலும் கிடக்கும் பழைய கருவியை எடுங்கள். பெயர் தெரியாவிட்டால் முதலில் கைப்பிடியைப் பாருங்கள். மரம் எங்கே வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதோ, அங்கேதான் கை இருந்தது. ஒரு கையால் பிடித்ததா, இரண்டு கையாலா என்பது அதில் தெரியும். பிறகு வாயைப் பாருங்கள். நுண்ணிய பல் இருந்தால் கதிர் அறுக்கும் கருக்கரிவாளாக இருக்கலாம். அகன்ற தட்டையான வாய் இருந்தால் தோல் சீவுவதற்காக இருக்கலாம். முடிவு செய்வதற்கு முன் அதைத் தெருவின் மூத்தவர் கையில் கொடுங்கள். அவர் பிடிக்கும் விதமே பாதி விடை சொல்லிவிடும். மீதியைக் கேட்டு எழுதுங்கள்: நம் தெருவில் இதன் பெயர் என்ன, யார் செய்தார்கள், ஆண் பிடித்ததா பெண் பிடித்ததா, என்ன கூலி, யார் அளந்தார்கள், எப்போது நின்றது, ஏன் நின்றது?

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்கள் அடுத்த பொங்கலுக்கு அட்டையின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். 'கமலை வால். ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய மாட்டுத் தோல். தைத்தவர்கள் அருந்ததியர்கள். கூலி ஆண்டுக்கொரு முறை தானியம். இது இறைத்த கிணற்றில் அவர்களுக்குத் தண்ணீர் இல்லை.' இவ்வளவும் எழுத அந்த இடம் போதும்.