இளமஞ்சளின் அடியில் இருப்பது

வீட்டறைக்கு இளமஞ்சளா, சந்தன நிறமா என்பது வெறும் ரசனை சார்ந்த வினாவாகவே பேசப்படுகிறது. அது வேதியியலின் வினாவும்கூட. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நெடுங்காலம் மலிவாகப் பொலிவூட்டியது ஈயக் குரோமேட். ஈயத்தில் பாதுகாப்பான அளவென ஏதுமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது.

இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்னும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சிக்கல் தீர்ந்தது என்பது சோம்பலான வாதம். விதி கட்டுப்படுத்துவது புதிய டப்பாவை. கதவிலும் சன்னல் கம்பியிலும் முன்பே உறைந்துவிட்ட எனாமலை அல்ல. (சுவருக்குப் பூசும் எமல்ஷனைவிட எனாமலில்தான் ஈயம் மிகுந்திருந்தது.) தீபாவளிக்கு முன் வட இந்திய வீடுகள் புதுப்பொலிவு பெறுகையில், அந்தப் பழைய அடுக்கை உப்புத்தாளால் உலரத் தேய்ப்பவர் பெரும்பாலும் முகக்கவசமற்ற தினக்கூலித் தொழிலாளி. தூசு படியும் தரையில் தவழ்வது குழந்தை.

மஞ்சளே கூடாதென்று யாரும் சொல்லவில்லை. சுண்ணாம்பில் மஞ்சள் காவிமண்ணைக் கலந்தாலே இதமான வெளிர்நிறம் கிடைக்கும். அதன் நிறம் இரும்பு ஆக்சைடு தருவது, ஈயக் குரோமேட்டுக்கு அங்கே வேலையில்லை. பழைய பூச்சை நனைத்துத் தேய்த்தால் தூசு பெருமளவு அடங்கும். அதற்கு வேண்டியது ஒரு வாளி நீரும் கூடுதலாக அரைநாள் கூலியும். நிற அட்டையைப் பத்து முறை புரட்டும் வீட்டுக்காரர் பேரம் பேசுவதோ அந்த அரைநாளுக்குத்தான்.