எருசலேமின் சாவியும் நம் பயணக் கட்டுரையாளர்களும்

எருசலேம் சென்று திரும்பும் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஒரு சாவியைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. இயேசு அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் இடத்தில் நிற்கும் திருக்கல்லறை ஆலயத்தின் சாவி அது. அதைக் காத்துவருவது ஜூதே என்னும் முஸ்லிம் குடும்பம். கதவைத் திறந்து மூடும் பொறுப்பு நுசைபே என்னும் இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. 'கிறித்துவின் கல்லறைக்கு இஸ்லாமியர் காவல், இதுவல்லவோ மத நல்லிணக்கம்!' என்று கட்டுரை முடியும். கூடவே ஒரு புகைப்படமும் இருக்கும்.

2019-ல் நாமும் சென்றோம், நாமும் வியந்தோம். ஆகவே அந்த வியப்பைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. கதவருகே நின்றவர்கள் அக்கதவு எப்படித் திறக்கிறது என்பதைக் கவனிக்காமல் திரும்பியிருக்கிறார்களே என்பதுதான் நம் ஆதங்கம்.

விடியலுக்கு முன்பே முற்றத்தில் காத்திருந்து பார்த்தோம். கிரேக்க மரபுத் திருச்சபையினர், பிரான்சிஸ்கன் துறவியர், அர்மீனியர் ஆகிய மூன்று தரப்பின் ஆட்களும் இரவில் ஆலயத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டப்பட்டிருப்பார்கள். கதவிலுள்ள சிறு திறப்பின் வழியே உள்ளிருந்து ஓர் ஏணி வெளியே நீளும். வெளியே நிற்பவர் அதைச் சாத்தி ஏறினால்தான் மேல்பூட்டு கைக்கு எட்டும். சாவி வெளியே, ஏணி உள்ளே. சாவி வைத்திருப்பவர் தாமாகத் திறக்க முடியாது. உள்ளே இருப்பவர்களும் தாமாக வெளியே வர முடியாது. இதை அன்பு என்று எழுத நமக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. மிகத் திறமையான ஏற்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1187-ல் எருசலேமைக் கைப்பற்றிய சலாகுதீன் காலத்திலிருந்து சாவி தம்மிடம் இருப்பதாக ஜூதே குடும்பத்தார் சொல்கிறார்கள். அது எப்படியாயினும், ஏன் முஸ்லிம்களிடம் என்ற கேள்விக்கான விடை ஆலயத்துக்குள் இருக்கிறது. மேற்சொன்ன மூவரோடு கோப்தியர், சிரியர், எத்தியோப்பியர் என்று மொத்தம் ஆறு கிறித்துவப் பிரிவுகளுக்கு அங்கே உரிமை உண்டு. இவர்களுள் எவரிடம் சாவி இருந்தாலும் மற்ற ஐவருக்கும் உறக்கம் வராது. 1757-லும் 1852-லும் உதுமானிய சுல்தான்கள் பிறப்பித்த ஆணைகளின் சாரம், எது யாரிடம் இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான். முகப்புச் சாளரத்தின் கீழே ஒரு மர ஏணி சாய்ந்திருப்பதை எவரும் காணலாம். 18-ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களிலேயே அது இருக்கிறது. ஆறு தரப்பும் ஒப்பாமல் அதை எடுக்க இயலாது என்பதால் அங்கேயே நிற்கிறது.

2002-ல் ஆலயக் கூரையில், வெயில் தாளாத ஒரு கோப்தியத் துறவி தம் நாற்காலியைச் சற்றே நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியத் துறவியர் அதைத் தம் இடத்தின் மீதான ஆக்கிரமிப்பாகக் கொண்டனர். கைகலப்பில் 11 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. 2008-ல் அர்மீனியரும் கிரேக்கரும் மோதிக்கொண்டபோது காவலர்கள் உள்ளே நுழைந்து விலக்க வேண்டியிருந்தது. காஞ்சியின் வடகலை, தென்கலை வழக்குகளை அறிந்த நமக்கு இதில் சிரிக்க உரிமையில்லை.

இதையெல்லாம் ஏளனத்துக்காக எழுதவில்லை. 1009-ல் ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாக்கிம் இடித்துத் தள்ளிய ஆலயம் அது. 1099-ல் சிலுவைப் போர் வீரர்கள் முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்த நகரம் அது. அப்படிப்பட்ட இடத்தில், 'உன் படிக்கட்டை நான் பெருக்கமாட்டேன், என் தூணில் நீ விளக்கேற்றாதே' என்னும் அளவுக்கு ஓர் உடன்பாடு நிலைத்திருப்பது சாதாரணமானதா? நகரம் சரணடைந்தபோது கலீஃபா உமர் இந்த ஆலயத்துக்குள் தொழ மறுத்தார் என்றொரு மரபுக் கதை உண்டு. தாம் அங்கே தொழுதால் பின்னால் வருவோர் அதையே காரணம் காட்டி ஆலயத்தைப் பள்ளிவாசலாக்கிவிடுவார்கள் என்று அஞ்சினாராம். உமர் பெயரில் அருகில் ஒரு பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. கதை வரலாறா என்பது வேறு விவாதம். வென்றவன் தன் காலைத் தானே வாசலில் நிறுத்திக்கொண்டதைத்தான் அது போற்றுகிறது. அதில் எல்லா மதமும் ஒன்று என்ற பேச்சே இல்லை.

நம் கட்டுரையாளர்கள் இந்த எல்லையுணர்வைக் கழித்துவிட்டு வெறும் பாசத்தை வைக்கிறார்கள். பாசம் மிஞ்சினால் அதிகாரம் கண்ணுக்குத் தெரியாது. 1967 முதல் அந்தப் பழைய நகரம் இஸ்ரேலின் ஆளுகையில் இருக்கிறது. கிழக்கு எருசலேமின் பாலஸ்தீனர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்களாக அல்ல, வசிப்புரிமை பெற்றவர்களாகவே வாழ்கிறார்கள். 2018 பிப்ரவரியில் நகராட்சி திருச்சபைகளின் சொத்துகளுக்கு வரி கேட்டது. அவை விற்ற நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா ஒன்றும் வந்தது. நாற்காலிக்கும் தூணுக்கும் கணக்குப் பார்க்கும் ஆலயத்தில் கிரேக்கரும் கத்தோலிக்கரும் அர்மீனியரும் ஒன்றுகூடிக் கதவை மூடினார்கள். மூன்று நாட்களுக்குப் பின், அரசு பின்வாங்கியதும் திறந்தார்கள். சாவியைப் பற்றி எழுதுவோர் இந்தப் பூட்டைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

பெத்லகேம் அங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அவ்வூர்க் கிறித்துவர் திருக்கல்லறைக்கு வர இஸ்ரேலிய அனுமதிச் சீட்டு வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய போருக்குப் பின் அது மேலும் அரிதாயிற்று. நாம் போயிருந்தபோது அங்கே ஒலிவமரச் சிற்பக்கடை வைத்திருந்த இளைஞரிடம், விடியலில் ஏணியும் சாவியும் கண்ட கதையை உற்சாகமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். அந்த ஈஸ்டருக்கு அவர் தாயாருக்குச் சீட்டு கிடைத்திருந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. கதவு எந்தப் பக்கமாகத் திறக்கிறது, உள்ளேயா வெளியேயா என்று நம்மிடம் கேட்டார்.