கோழித் தீவனத்தில் ஓமமும் மஞ்சளும்!

குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டி ஓமத்தண்ணீர் கொடுப்பாள். காயம் பட்டால் மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடுவாள்.

அதே ஓமமும் மஞ்சளும் பூண்டும் இன்று கோழிப் பண்ணைக்குள் நுழைந்துவிட்டன! கோழித் தீவனத்தில் அவற்றைக் கலக்கிறார்கள்.

கோழிக்கு ஏன் இந்த உபசாரம்?

மளமளவென்று வளர்ந்தன

1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்தன!

பண்ணைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நோய் இல்லாத கோழிக்கும் தினமும் சிறிது மருந்து கொடுத்தார்கள். இந்தப் பழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது.

அதில்தான் ஆபத்து இருந்தது.

தப்பிய கிருமிகள்

சிறிதளவு மருந்தில் வலுவற்ற கிருமிகள் சாகும். வலுவுள்ளவை பிழைத்துக்கொள்ளும், பெருகும். பிறகு அந்த மருந்துக்கு அவை அஞ்சுவதில்லை.

நன்றாக வேகவைத்தால் கறியில் உள்ள கிருமி செத்துப்போகும். ஆனால் பச்சைக் கறியைத் தொட்ட கை, பண்ணைக் கழிவு, தண்ணீர் ஆகியவற்றின் வழியே அது மனிதனை அடையலாம். அப்போது டாக்டர் கொடுக்கும் மருந்து பலிக்காது!

தடை வந்தது

இதனால், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இம்மருந்துகளைக் கலப்பதை 1986-ம் ஆண்டிலேயே சுவீடன் தடுத்தது. 2006-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது.

‘கொலிஸ்டின்’ என்பது, வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்து. அதையும் கோழிக்குக் கொடுத்துவந்தார்கள்! 2019-ம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசு அதைத் தடை செய்தது.

மூலிகை என்ன செய்யும்?

மருந்தை நிறுத்தினால் கோழியின் குடலை எப்படிக் காப்பது? அதற்குத்தான் மூலிகைகள்.

ஐரோப்பாவில் ‘தைம்’ என்ற வாசனைச் செடியின் எண்ணெயைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். அதில் உள்ள ‘தைமால்’ என்ற பொருள் கிருமிகளை அடக்கும். நம் ஓமத்தின் காரமான மணத்துக்கும் அந்தத் தைமால்தான் காரணம்! பூண்டுக்கும் மஞ்சளுக்கும்கூட கிருமிகளை எதிர்க்கும் குணம் உண்டு.

மந்திரம் அல்ல

ஆனால் மூலிகை ஒரு துணைதான். விளைந்த மண், பறித்த பருவம், காய வைத்த முறை ஆகியவற்றுக்கு ஏற்ப அதன் வீரியம் மாறும். ஒரு பண்ணையில் பலித்தது மற்றொன்றில் பலிக்காமல் போகலாம். அளவு மிஞ்சினால் கோழி தீவனத்தையே ஒதுக்கிவிடும்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயை மூலிகைத் தீவனம் தடுத்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. அதற்குத் தடுப்பூசி அவசியம்.

நெருக்கமில்லாத கொட்டகை, நல்ல காற்று, சுத்தமான தண்ணீர், உலர்ந்த தரை இவை இருந்தால்தான் ஓமமும் மஞ்சளும் பயன் தரும். இல்லாவிட்டால் காசுக்குக் கேடு!

கோழிக்கு நோய் வந்தால், கால்நடை டாக்டர் சொல்லும் மருந்தைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். நோய் இல்லாதபோது கொடுப்பதுதான் தவறு.

மருந்தை மருந்தாகவே வைத்திருந்தால்தான், நாளை வீட்டுக் குழந்தையைக் கிருமி தாக்கும்போது அது உயிர் காக்கும்!