காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

ஆசிரியருக்கு,

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் உர ஆலை ஒன்றுக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டை விட்டு வெளியேறியபோது, எந்தப் பக்கம் ஓடுவது என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்கும்.

அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று பாடநூல் சொல்வது உண்மையே எனினும், மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அதன் திரவ வடிவம் வெளிப்படும்போது, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைக் குளிர்வித்து, வெண்புகையாகத் தரையோடு தவழக்கூடும். ஆகவே காற்றின் போக்கிலேயே ஓடுவது வாயுவோடு சேர்ந்து ஓடுவதாகும். காற்றின் போக்குக்குக் குறுக்காக விலகிச் செல்வதே முறை. நீரில் எளிதில் கரைவதால், மூக்கையும் வாயையும் மூடிய ஈரத்துண்டு ஓரளவு காக்கும். எரியும் கண்ணைக் கசக்காமல் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். தேங்கிய திரவத்தின் மீது தண்ணீரைப் பாய்ச்சினாலோ (நல்லெண்ணத்தில் பலரும் செய்யக்கூடியது இது) அது மேலும் வேகமாக ஆவியாகும்.

டேங்கர் லாரியின் பலகையில் உள்ள 1005, நீரற்ற அம்மோனியாவைக் குறிக்கும் ஐ.நா. அடையாள எண் என்பதை அறிந்த பாதசாரிகள் சிலரே. ஆலைகளைச் சூழ்ந்த ஊர்களில் காற்றுத்திசை காட்டும் துணிக்கூம்பையும் தமிழ் எச்சரிக்கைப் பலகையையும் நிறுவ மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருவொற்றியூர்.