பாட்டியின் ஊதுகுழலும் சுமத்ராவின் புகையும்

“விறகுப் புகைதானே, என்ன செய்துவிடும்? நம் பாட்டிமார் ஆயுள் முழுக்க ஊதுகுழலும் கையுமாக இருந்தவர்கள்தானே?” சிங்கப்பூரைப் புகைமூட்டம் சூழும்போதெல்லாம் கோப்பிக்கடை மேசையில் இந்த வாதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்பவர் தம் உடம்பையே சாட்சிக்கு இழுப்பார். இருமிக்கொண்டே இழுப்பார் என்பது வேறு விஷயம்.

அந்தப் பாட்டிமாரின் மூச்சிரைப்பை ‘வயசாச்சு’ என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிட்டோம். வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சாட்சி சொல்ல வருபவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள்.

அடுத்த வாதம்: புகை கடல் தாண்டி வருவதற்குள் நீர்த்துவிடுமாம். 2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீடு 401. 300ஐத் தாண்டினாலே அபாயம். இரண்டு நாள் கழித்து ஜொகூரின் மூவாரில் 746, அவசரநிலை அறிவிப்பு. எரிந்ததோ நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் ரியாவில். கனமான சாம்பல் வழியில் உதிர்ந்துவிடும், உண்மைதான். உதிராமல் வந்து சேர்வது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். நுரையீரலின் அடிவரை இறங்குவதும் அதுதான். காட்டுத்தீயின் நுண்துகள், அதே அளவு பிற நுண்துகளைவிடச் சுவாச நோயாளிகளை அதிகமாக மருத்துவமனைக்கு அனுப்புகிறது என்று தென் கலிபோர்னியாவைப் பற்றிய 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

அதிலும், சுமத்ராவில் எரிவதில் பெரும்பகுதி விறகே அல்ல, மண். இலையும் வேரும் சதுப்பு நீரில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் படிந்த கரிமண். செம்பனைக்கும் காகித மரத்துக்கும் இடம் வேண்டிக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள், மண் காய்ந்தது. தொழுவத்தில் கொசுவுக்கு மூட்டம் போட்டவர்களுக்கு மிச்சம் புரியும்: தழல் எழாமல் அமுக்கி வைத்தால்தான் புகை அதிகம். இந்தக் கரிமண்ணும் அப்படித்தான், தரைக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். பாட்டி ஊதியது புகையை அடக்கித் தழலை எழுப்ப. அந்த அடுப்பை இதற்கு உவமை சொல்வது அவருக்கே அவமரியாதை.

‘எல்லாம் இயற்கை’ என்று முடிப்பவர்களுக்கு ஒரு தகவல். சிங்கப்பூர் 2014இல் எல்லை கடந்த புகைமூட்டத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் தீமூட்டிய நிறுவனத்துக்கும் அது பொருந்தும். அபராதம் நாளொன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரை.