ஏரியின் ஆழத்தில் ஒரு திணை

வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் சோலையாறு அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதே ஊர்ப்பேச்சு. 160 அடியும் நிறைந்ததா என்று வினவுகின்றோம். அந்நீருக்குள் எவ்வாழத்தில் எவை வாழ்கின்றன என்று வினவுவார் அரியர். நீர் மேலிருந்து அடிவரை ஒரே தன்மையது என்று எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு அண்டார்க்டிகாவின் ஏஸ் ஏரி தக்க சான்றாகும்.

ஆஸ்திரேலியாவின் டேவிஸ் ஆய்வு நிலையத்தை அடுத்த வெஸ்ட்ஃபோல்டு குன்றுகளில் உள்ளது அவ்வேரி. ஆழம் ஏறத்தாழ 25 மீட்டரே. ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டி மூடிக்கிடக்கும். பண்டு கடல்நீர் புகுந்து தங்கியதாதலின் அடிநீரில் உப்பு மிகுதி. உப்பு மிக்க நீர் கனமுடையது; மேலெழுந்து கலவாது. ஆகவே நெடுங்காலமாய் நீர் அடுக்கடுக்காய் நிற்கின்றது.

மேலடுக்கில் உயிர்வளியும் கதிரொளியும் உண்டு. பாசிகளும் நீலப்பச்சை பாக்டீரியங்களும் அங்கே உணவாக்கி வாழ்கின்றன. 12 மீட்டரைக் கடந்ததும் உயிர்வளி அற்றுப்போகின்றது. அவ்வெல்லையை ஒட்டி, 12.7 மீட்டர் அளவில், பச்சைக் கந்தக பாக்டீரியங்கள் செறிந்துள்ளன. மேலிருந்து மங்கிவரும் ஒளியும் கீழிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அவற்றிற்கு ஒருங்கே தேவை. இரண்டும் கூடுமிடம் அம்மெல்லிய அடுக்கே. அழுகிய முட்டை நாற்றமுடைய அவ்வாயு நமக்கு நஞ்சு, அவற்றிற்கோ வாழ்வு. இன்னும் கீழே, மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியா என்னும் தனியின நுண்ணுயிர்கள். 1997-இல் அறிஞர் விவரித்த அவற்றுள் ஒன்று 15 பாகை வெப்பத்தில் சிறந்து வளர்கின்றது; 20 பாகைக்கு மேல் வளர்வதே இல்லை. வால்பாறை மார்கழிப் பகலே அதற்குக் கொடுங்கோடை!

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்து, ஆங்கு வாழ்வனவற்றைக் கருப்பொருளாகக் கண்ட மொழி நம்முடையது. ஆழத்தையும் முதற்பொருளாகக் கொள்வதில் என்ன தடை? தடை சொல்லில் இருக்கிறது என்பேன். இவ்வுயிர்கள் அனைத்தையும் ‘கிருமி’ என்னும் ஒரே பெயரால் அடக்கி நோயோடு பிணைத்துவிட்டோம். தேர்வுத்தாளில் ‘நுண்ணுயிர்’ என்று எழுதும் மாணவரும் வெளியே வந்ததும் கிருமி என்றே பேசுகின்றார். கிருமியென்றால் கொல்லத்தானே தோன்றும்?

இது தென்துருவத்துச் செய்தி மட்டுமன்று. நம் வெப்பநாட்டு நீர்த்தேக்கங்களிலும் அடுக்குகள் உண்டாகும். காரணம் உப்பன்று, வெப்பம். வெயில் பட்ட மேல்நீர் இலேசாகி மிதக்க, குளிர்ந்த அடிநீர் உயிர்வளி குன்றித் தனித்துக் கிடக்கும். காற்றாலோ மழையாலோ அது திடீரென மேல்வந்து கலந்தால் மீன்கள் மூச்சுமுட்டி மடிவதும் உண்டு. எவரோ நஞ்சு கலந்தார் என்றே ஊரார் ஐயுறுவர்.

இப்பகுதிக் கல்லூரிகளின் அறிவியல் மாணவர் உரியவர் இசைவு பெற்று, அடிக்கணக்குக் குறித்த கயிற்றில் குடுவையை இறக்கிச் சோலையாற்று நீரை ஆழந்தோறும் எடுத்து ஆராயலாம். அருகிருந்து ஒவ்வோர் அடுக்கிற்கும் அதன் உயிர்க்கும் தமிழில் பெயரிட்டு எழுதித்தருவது தமிழ்த்துறை மாணவர் பொறுப்பாகட்டும். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். அப்போது நீர் குறைந்திருக்கும், கயிறும் குறைவாகவே தேவைப்படும்.